எரிபொருள் மாறிவிட்டது, ஜெட்டை மாற்றுவது யார்?

தன்னுள் வந்து விழும் பெட்ரோல் எத்தகையது என்பதை அறியும் ஆற்றல் கார்புரேட்டருக்கு இல்லை. சிலிண்டர் இழுக்கும் காற்றின் வேகத்துக்கும் ஜெட்டிலுள்ள துளையின் அளவுக்கும் மட்டுமே அது கட்டுப்படும். துளை எவ்வளவோ அவ்வளவு எரிபொருளைக் காற்றில் கலந்து அனுப்பும். ஆகவே எரிபொருளின் இயல்பை ஒருவர் மாற்றினால், துளையின் அளவை இன்னொருவர் மாற்றியாக வேண்டும். இந்தியாவில் முதல் மாற்றத்தை அரசு செய்து முடித்துவிட்டது. இரண்டாவது மாற்றத்தை யார் செய்வது, அதன் செலவு யாருடையது, அதற்குரிய அறிவு எங்கிருந்து வரும் என்பவை பொது விவாதத்துக்குள் வரவே இல்லை. மைலேஜ் குறைகிறதா இல்லையா என்ற அளவிலேயே சர்ச்சை நின்றுபோயிற்று.

இதன் எடையை உணரப் பெருநகரங்களில் மெருகேற்றி நிறுத்தப்படும் பழைய வண்டிகளைப் பார்த்துப் பயனில்லை. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை ஒட்டிக் கிடக்கும் பாலசமுத்திரம் போன்ற ஊர்களைப் பார்க்க வேண்டும். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் நிலம் அது. கரும்பும் மாவும் விளைவது. இத்தகைய ஊர்களில் பழைய புல்லட் சேகரிப்புப் பொருள் ஆவதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, பால் கேனையும் தீவனக் கட்டையும் சுமந்து, அறுவடை முடிந்ததும் சில வாரம் திண்ணையோரம் சும்மா நின்று, மீண்டும் உதைத்து எழுப்பப்படும் வேலைக்கார வண்டி அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கித் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. 346 சி.சி. கொண்ட அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டு ஓடியது. அதன் கார்புரேட்டர் முதலில் பர்மிங்ஹாமின் அமல் வகையைச் சார்ந்திருந்தது. பிற்காலத்தில் ஜப்பானின் மிக்குனி வடிவத்தில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மிக்கார்ப் வி.எம்.24 வந்தது. கைப்பிடிக்குள் அடங்கும் பண்டம். திறந்து பார்த்தால் ஒரு மிதவை, ஓர் ஊசி, ஒரு சறுக்கு வால்வு, இரண்டு பித்தளை ஜெட்டுகள்.

இச்சிறு பண்டத்தைச் சீர்செய்வது எளிது என்று எண்ணுவோர், பெரும்பாலும் அதைச் செய்து பாராதவர்கள். தேர்ந்த மெக்கானிக் முதலில் கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். டாப்பெட் இடைவெளி, பாயிண்ட், இக்னிஷன் டைமிங், ஏர் ஃபில்டர், கார்புரேட்டரும் எஞ்சினும் கூடும் இடத்தில் காற்றுக்கசிவு ஆகியவற்றைப் பார்த்து முடித்த பின்னரே திருப்புளி வெளியே வரும். கசிவை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீரின் அளவைத் திருத்துவது போன்றது. வண்டியை நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிய பிறகு, சறுக்கைத் தாங்கும் ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவைச் சற்று உயர்த்துவார். பின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுவார், வெளியே எடுப்பார். உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறியும். எஞ்சின் கனத்துத் தடுமாறும். வெளியே எடுத்தால் கலவை மெலியும். சத்தம் கூர்மையாகி, சீறி, நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவே, ஓட்டம் உச்சத்தில் நிலைபெறும் ஓரிடம் உண்டு. அதைக் கண்டதும் ஸ்லோவைக் குறைத்து, மறுபடியும் ஏர் ஸ்க்ரூவுக்கு வருவார். இப்படி இரண்டு மூன்று முறை நிகழும். எந்த மீட்டரும் இதைக் காட்டித் தருவதில்லை, காதுதான் கருவி.

இதுவும் தொடக்கந்தான். ஏர் ஸ்க்ரூ ஆள்வது திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையை மட்டும். எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை சறுக்கின் அடிப்பக்க வெட்டு ஆளும். கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் தலையில் உள்ள கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், எரிபொருள் கூடும். சரியானதா என்பதற்குச் சாட்சி பிளக். ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கருத்த கரி செறிவைச் சொல்லும். வெளிறிய வெண்மை மெலிவைச் சொல்லும். இளம்பழுப்பு நிறம் வந்தால் அன்றைய வேலை முடிந்தது. எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் உரிமத்தில் செய்த ராஜ்தூத் 350 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியாயின் வேலையும் இரட்டிப்பாகும். இரு கார்புரேட்டர்களின் சறுக்குகளும் ஒரே கணத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும்; ஒன்று முந்தினால் வண்டி நடுங்கும்.

ஊருக்கு ஊர் அளவும் வேறுபடும். திருப்பதியில் சீராக ஓடிய வண்டி, சுமார் 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலைக்கு ஏறும்போது சற்றே கனக்கும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. காற்று குறைய, கலவை தானாகச் செறிகிறது. மலைப்பாதையில் பழகிய மெக்கானிக்குகள் இயற்பியல் படித்து இதை அறிந்தவர்கள் அல்லர். ஏறி இறங்கிய வண்டிகளின் பிளக்கைப் பார்த்துப் பார்த்து அறிந்தவர்கள்.

இப்போது எரிபொருளுக்கு வருவோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனெனில் அது தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்குத் தேவைப்படும் காற்று சுமார் 13.5 பங்கு. அதாவது, தூய பெட்ரோலுக்கென்று அளவிடப்பட்ட ஜெட், இ20ஐ ஊற்றியவுடன் ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்த கலவையைத் தரத் தொடங்கும். ஆக்சிஜன் உணரி பொருத்திய இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே கண்டறிந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, திராட்டிலைத் திறந்ததும் ஒரு கணம் மூச்சடைப்பது, இறக்கத்தில் சைலன்சர் வெடிப்பது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவது எல்லாம் மெலிவின் அடையாளங்கள். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தச் சூடு பிஸ்டனைப் பிடித்து நிறுத்திவிடவும் கூடும்.

அரசின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட வரைவு, பழைய இருசக்கர வாகனங்களில் இ20 காரணமாக எரிபொருள் சிக்கனம் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று மறைக்காமல் எழுதியது. 2025 ஆகஸ்டில் சர்ச்சை வெடித்தபோது பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம், அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் என்றது. இது பொய்யன்று. ஆனால் அந்த விளக்கத்தில் மிதவை ஊசியின் ரப்பர் இருக்கிறது, ஜெட் இல்லை. வழக்கமான சர்வீஸ் என்ற சொல்லுக்குள், நிறுவனக் கிளையும் அங்கே கிடைக்கும் உதிரிபாகமும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. புளியமரத்தடிப் பட்டறையில் நாற்பது ஆண்டு வயதுடைய வண்டிக்கு ஓர் எண் பெரிய மெயின் ஜெட்டைத் தேடி அலைபவர் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

கிலோமீட்டர் கணக்கும் கிராமத்து வண்டிக்குப் பொருந்துவதில்லை. அதைக் கெடுப்பது ஓடிய தூரத்தைவிட நின்ற நாள்கள்தாம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் எல்லையைக் கடந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் குழாயும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் உடலில் வெண்பொடி பூக்கும். மயிரிழைத் துளை கொண்ட பைலட் ஜெட்டை அடைக்க அந்தப் பொடியில் ஒரு துகள் போதும்.

இவை எத்தனாலுக்கு எதிரான வாதங்கள் ஆகா. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைவதும், கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இன்னொரு சந்தை கிடைப்பதும் மெய்யான பயன்கள். பாலசமுத்திரமும் பள்ளிப்பட்டும் கரும்பு நிலங்கள்; ஆலை தர வேண்டிய பாக்கிக்காகக் காத்திருப்பது எத்தகையது என்று அவ்வூர் விவசாயிக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவருடைய கரும்புக்கு நியாயமான விலையும் வேண்டும், அவருடைய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவும் வேண்டும். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைக் கேட்டால் மற்றதற்கு எதிரி என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனமான அரசியல்.

மாற்று வழி இருக்கத்தான் செய்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோல் 10 விழுக்காடு எத்தனாலுக்கு மாறியபோது, 5 விழுக்காடு மட்டும் கலந்த பெட்ரோலைப் பழைய வண்டிகளுக்கென உயர்தர வகையில் நீடிக்கச் செய்தனர். எது எந்தக் குழாய் என்பது முகப்பிலேயே எழுதப்பட்டது. இந்தியாவில் எத்தனால் கலவாத பெட்ரோல் வேண்டுமெனில் எக்ஸ்.பி. 100 போன்ற உயர் ஆக்டேன் வகையைத்தான் நாட வேண்டும். அதன் விலை சாதாரண பெட்ரோலைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிடைப்பதோ தேர்ந்தெடுத்த நகர பங்க்குகளில். எத்தனாலற்ற பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. நீதிமன்றத்தின் வாசல் மூடினாலும், பங்க்கின் குழாயில் கலவையின் விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த எண் தெரிந்தால் மெக்கானிக் ஜெட்டைத் தேர்வார், தெரியாதபோது ஊகிக்கிறார்.

பழைய வண்டிகளுக்குச் சட்டம் காட்டும் பரிவும் விநோதமானது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் வரிசை தருகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆக, பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டுமாயின் வண்டி வேலை செய்வதை நிறுத்த வேண்டும். வேலை செய்யும் பழைய வண்டி, மறுபதிவுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் சுமையாக மட்டுமே ஏட்டில் இருக்கும். மெக்கானிக்கின் கைத்திறனை அரசு சந்திக்கும் ஒரே இடம் புகைப் பரிசோதனை. 2000 மார்ச் வரை செய்யப்பட்ட இருசக்கர வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதற்குப் பிந்தியவற்றுக்கு 3.5. சீராக ட்யூன் செய்த பழைய புல்லட் இதைக் கடந்துவிடும். இயந்திரம் தரும் அந்தச் சீட்டில் வண்டியின் எண் இருக்கும். அதைத் தேற வைத்த கையின் பெயர் இருக்காது.

இது பழம்பொருள் பிரியர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 நடைமுறைக்கு வரும்வரை இந்நாட்டில் விற்ற இருசக்கர வாகனங்களில் மிகப் பெரும்பான்மை கார்புரேட்டர் கொண்டவை. 2022 ஏப்ரலில் பிரிவதற்கு முன் ஒரே சித்தூர் மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில்தான் ஸ்ரீசிட்டி அருகே ஹீரோ நிறுவனத்தின் ஆலை நிற்கிறது. அங்கிருந்து மின்சார ஸ்கூட்டரும் வெளிவருகிறது. புதிதாகத் தொழில் கற்க வரும் இளைஞர் மடிக்கணினியையும் உணரிகளையும் நாடிச் செல்வது இயல்பு, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளாவது சாலையில் இருக்கும். அவற்றைக் காதால் திருத்தத் தெரிந்தோரில் பலர் அறுபதைக் கடந்தவர்கள்.

எந்த வண்டிக்கு, எந்தக் கலவைக்கு, எந்த எண் ஜெட், ஊசியில் எத்தனையாவது பள்ளம் என்பதை எண்ணெய் நிறுவனங்களும் வாகன நிறுவனங்களும் சோதித்து ஓர் அட்டவணையாக வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அதைத் தாலுகா அளவில் ஒரு நாள் பயிற்சியாக்கி, ஜெட்டுகளை அடக்க விலைக்குத் தந்து, அந்தப் பயிற்சியை நடத்தும் பொறுப்பை ஐ.டி.ஐ. ஆசிரியருடன் அவ்வூர் மூத்த மெக்கானிக்கிடமும் ஒப்படைக்கலாம். எரிபொருளை மாற்றியவரின் கணக்கில்தான் அந்தச் செலவு எழுதப்பட வேண்டும். இப்போது அது பட்டறைக்காரரின் கூலி பெறாத பிற்பகல்களிலும், ஸ்டார்ட் ஆகாத வண்டியின் அருகே பால் கேனுடன் நிற்பவரின் காலைகளிலும் கழிந்துகொண்டிருக்கிறது.