கணக்குப்பிள்ளை ரசிகர்கள்

பேஸ்பால் பற்றி எழுதுகிறேன் என்றதும் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாமல் படிக்கலாம். இது பந்தைப் பற்றிய பதிவு இல்லை, பணத்தைப் பற்றியது. 36 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு அதைப் பேச ஓரளவு உரிமை உண்டு.

என் பெண் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட். 2018 கோடையில் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை ஓக்லண்ட் கொலிசியத்துக்கு அழைத்துப் போனார். பார்ட் ரயிலில் இறங்கி ஒரு நடைபாலத்தைக் கடந்தால் ஸ்டேடியம். பழைய கான்கிரீட் கட்டடம், பார்க்க அழகு ஒன்றும் இல்லை. ஆனால் வலது பக்க கேலரியில் ஒரு கூட்டம் ஆட்டம் முடியும்வரை டிரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஊர்த் திருவிழாவில் நின்றது போல இருந்தது எனக்கு. அன்றே ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் என் டீம் ஆகிவிட்டது. அந்த வருஷம் 162 ஆட்டத்தில் 97 வெற்றி. அடுத்த வருஷமும் அதே 97.

அடுத்து நாங்கள் போனது 2021 நவம்பர் கடைசியில். அது ஆட்டம் இல்லாத காலம். அக்டோபர், நவம்பரோடு சீசன் முடிந்தால் மறுபடி வசந்தத்தில்தான். நடுவில் ரசிகர்களுக்கு வதந்திதான் சாப்பாடு. யாரை எந்த டீமுக்குக் கொடுக்கப் போகிறார்கள், பதிலுக்கு யாரை வாங்கப் போகிறார்கள் என்று பேசிப் பேசியே குளிரைப் போக்குவார்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது என்ற பொருளில் இதற்கு 'ஹாட் ஸ்டவ்' என்றே பெயர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சுதான், கையில் போன் மட்டும் கூடுதல்.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு. 99 நாள் லாக்அவுட். ஒரு பரிமாற்றமும் நடக்கக் கூடாது. ஆனால் வதந்திக்கு யார் பூட்டுப் போடுவது? ஓக்லண்ட் சம்பளச் செலவைக் குறைக்கப் போகிறது, நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் விற்பனைக்கு என்பதுதான் பேச்சு. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையும் அவர் நண்பர்களும் பேசுவதைக் கேட்டால், எங்கள் பழைய கடன் கமிட்டி கூட்டத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். "இவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கன்ட்ரோல் இருக்கு." "இப்பவே வித்தாதான் நல்ல வேல்யூ." "அடுத்த வருஷம் சம்பளம் ஏறிடும், தள்ளி விட்டுடணும்."

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "மாப்பிள்ளை, அந்தச் சம்பளத்தை நீங்களா கொடுக்கறீங்க?"

சிரித்தார். "இல்ல மாமா. ஆனா இது பிசினஸ் இல்லையா?"

அந்தப் பதில்தான் நாலு வருஷமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இன்று எடுத்துவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச் 10ஆம் தேதி லாக்அவுட் முடிந்தது. 12ஆம் தேதி கிறிஸ் பாசிட் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். 14ஆம் தேதி மேட் ஓல்சன் அட்லாண்டாவுக்கு. 16ஆம் தேதி மேட் சாப்மன் டொராண்டோவுக்கு. ஐந்தே நாளில் மூன்று பேர். ஏப்ரல் முதல் வாரத்தில் ஷான் மனாயா சான் டியாகோவுக்கு. முந்தின வருஷம் 9 கோடி டாலரை ஒட்டி இருந்த சம்பளச் செலவு, சீசன் தொடங்கும்போது 5 கோடிக்கும் கீழே. சீசன் டிக்கெட் விலையை மட்டும் ஏற்றியிருந்தார்கள்.

எட்டு வயதுப் பேத்தி ஓல்சனின் 28ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "தாத்தா, இனிமே இதைப் போடலாமா கூடாதா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அவளுக்கும் விளக்கம் சொன்னார். பதிலுக்கு நாலு நல்ல பையன்கள் வருகிறார்களாம், மூன்று வருஷத்தில் நன்றாக ஆடுவார்களாம். குழந்தைக்கு மூன்று வருஷம் என்றால் ஒரு யுகம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பரிமாற்றமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த நாலு பேரில் ஷே லாங்கலியர்ஸ் என்ற கேட்சர் நிஜமாகவே நன்றாக வந்தார். 2024ல் 29 ஹோம் ரன் அடித்தார். சின்னப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதும் இதே ஓக்லண்ட்தான். 2002ல் பணக்கார யாங்கீஸ் ஜெயித்த அதே 103 ஆட்டத்தை இவர்களும் ஜெயித்தார்கள், தொடர்ந்து 20 வெற்றி வேறு. 'மனிபால்' புத்தகமும் சினிமாவும் அந்தக் கதைதான். ஆனால் அதில் சிக்கனம் வழி, ஜெயிப்பது குறி. பிறகு சிக்கனமே குறியாகிவிட்டது. ரசிகர்களோ அதே புத்தகத்தைக் காட்டி முதலாளிக்கு வக்காலத்து வாங்கினார்கள்.

முதலாளி யார்? கேப் துணிக்கடைக் குடும்பத்து வாரிசு ஜான் ஃபிஷர். 2005ல் அவர் தரப்பு இந்த டீமை வாங்கியது 18 கோடி டாலருக்கு. இன்று அதன் மதிப்பு 100 கோடிக்கு மேல் என்கிறது ஃபோர்ப்ஸ் பத்திரிகை. டிரம் அடித்த கூட்டத்துக்கு இதில் ஒரு காசு பங்கு கிடையாது. அந்தக் கூட்டம் ஏன் அவர் செலவுக்குக் கவலைப்பட வேண்டும்?

'கன்ட்ரோல்' என்ற வார்த்தையையும் கவனியுங்கள். ஆறு வருஷம் ஆடி முடிக்கும்வரை வீரன் தன் இஷ்டத்துக்கு வேறு டீமுக்குப் போக முடியாது. அதற்குத்தான் அந்தப் பெயர். கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் 1969ல், என்னைக் கேட்காமல் என்னை விற்க நீங்கள் யார் என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதி வழக்குப் போட்டார். 1972ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். ஆட்ட வாழ்க்கையே போயிற்று. அவர் மூட்டிய தீயில்தான் பின்னால் வந்தவர்கள் ஆறு வருஷம் கழித்தாவது விடுதலை பெற்றார்கள். அந்த ஆறு வருஷத்தை ரசிகன் குத்தகைப் பாக்கி மாதிரி எண்ணிச் சொல்வதைக் கேட்க எனக்குக் கூசுகிறது.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன காலத்தில் ஒரு ரைஸ் மில்லைப் பார்த்திருக்கிறேன். முதலாளி நல்ல மோட்டாரைக் கழற்றி விற்றார், அனுபவமுள்ள ஆட்களை நிறுத்தினார். செலவு குறைந்துவிட்டது சார் என்று பெருமையாகக் காட்டினார். அடுத்த வருஷம் போனால், இந்த ஊரில் நெல் கொண்டு வர ஆளே இல்லை, இடத்தை விற்கப் போகிறேன் என்றார். ஆள் வராததற்குக் காரணம் ஊரா, மோட்டாரா?

ஓக்லண்டிலும் அதேதான். 2019ல் 16 லட்சத்துக்கு மேல் வந்த கூட்டம் 2022ல் 8 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 102 தோல்வி. அடுத்த வருஷம் 112. அதற்குள் லாஸ் வேகஸுக்குப் போக ஏற்பாடு. நெவாடா அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தருகிறது. 2023 நவம்பரில் 30 முதலாளிகளும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். வேகஸ் ஸ்டேடியம் தயாராகும்வரை சாக்ரமென்டோ பக்கத்தில், சுமார் 14,000 பேர் அமரும் சின்ன மைதானத்தில் ஆட்டம்.

இதில் உச்சம் ஒன்று உண்டு. ஓக்லண்டை விட்டுக் கிளம்பிய சில மாதத்திலேயே, 2024 டிசம்பரில், லூயிஸ் செவரினோ என்ற பந்து வீச்சாளருக்கு மூன்று வருஷத்துக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம். அதுவரையிலான அந்த டீமின் சரித்திரத்திலேயே பெரிய தொகை! அடுத்த சில மாதங்களில் இன்னும் இரண்டு வீரர்களுக்கு 6 கோடி, 6.55 கோடி. அப்படியானால் பணம் இருந்தது. ஓக்லண்டுக்குத்தான் இல்லை.

நம் ஐபிஎல் ஏலத்தில் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பது போல, இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்றும் கீழ்வரம்பு உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் மேலே போனால் வரி. கீழே போக வரம்பே கிடையாது. ரசிகர்கள் கேட்க வேண்டியது அந்தக் கீழ்வரம்பை. அதை விட்டுவிட்டு யாரை எவ்வளவுக்குத் தள்ளலாம் என்று முதலாளிக்குச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாக உழைக்கிறார்கள்.

எல்லோரும் இல்லை. 2023 ஜூன் 13 அன்று 27,000 பேருக்கு மேல் அந்தப் பழைய ஸ்டேடியத்தில் கூடினார்கள். 'டீமை விற்றுவிடு' என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கத்தினார்கள். டீமும் அன்று ஜெயித்தது. கணக்குப் பார்த்தால் அதனால் ஒன்றும் நடக்கவில்லை. டீம் போய்விட்டது. ஆனாலும் அன்று அவர்கள் ரசிகர்களாக இருந்தார்கள். மாப்பிள்ளையும் போயிருந்தார். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டத்துக்கும் போனார். அன்று ராத்திரி போனில் அவர் குரல் சரியாக இல்லை. நானும் பிசினஸ் பற்றி எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் பேசும்போது மறுபடி ஆரம்பித்தார். "மாமா, இந்த சீசன் முடிஞ்சதும் இவனை வித்துடுவாங்கன்னு பேச்சு..." பழக்கதோஷம். பேத்தி பின்னாலிருந்து, "அப்பா, அவன் நல்லா ஆடறானா இல்லையா, அதைச் சொல்லு" என்று கத்தியது கேட்டது.

28ஆம் நம்பர் சட்டை அவளுக்கு இப்போது பத்தாது. கொடுத்துவிடலாம் என்றதற்கு மாட்டேன் என்று அலமாரியில் வைத்திருக்கிறாளாம். ஓல்சன் 2023ல் அட்லாண்டாவுக்காக 54 ஹோம் ரன் அடித்தார். அந்த டீமுக்கே அது சாதனை. அவளுக்கு அந்த எண்ணிக்கை மனப்பாடம். அவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.