சுவை பல, இல்லம் ஒன்று

ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் அனைவரும் ஒரே சுவை உடையவராய் இருத்தல் இயலாது; அவ்வாறு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் உறைப்பை நாடுகின்றான்; மற்றொருவன் இனிப்பை நாடுகின்றான். ஒருத்தி இசையில் தோய்கின்றாள்; அவள் தங்கையோ கணக்கில் மகிழ்கின்றாள். இவ்வேற்றுமை இயற்கை. ஆயின், இத்துணை வேற்றுமைக்கு இடையே ஓர் இல்லம் எவ்வாறு ஒன்றாக நிற்கின்றது? ஒத்த சுவையால் இல்லம் ஒன்றாவதில்லை. ஒருவர் சுவையில் மற்றவர் பங்குகொள்வதாலேயே அது ஒன்றாகின்றது. இரு மக்களைப் பெற்ற தந்தை என்ற முறையில் நான் கொண்ட கருத்து இது.

என் இல்லத்தையே எடுத்துக்கொள்கின்றேன். என் அன்னையார் எண்பது வயதைக் கடந்தவர். காலையில் வானொலி கேளாவிடின் அவருக்குப் பொழுது விடிந்ததாகத் தோன்றாது. சுண்டைக்காய் வற்றற்குழம்பும் சுட்ட அப்பளமும் இருப்பின் வேறு விருந்து வேண்டார். என் மனைவிக்குக் கோலத்தில் பேரார்வம். மார்கழித் திங்களில் விடியுமுன் எழுந்து, வாயில் தெளித்து, புள்ளியிட்டு, இழை பிசகாமல் அவள் வரையும் சிக்குக் கோலத்தைத் தெருவார் நின்று காண்பர். என் மகனுக்குச் சதுரங்கமே உலகம். மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். எனக்கோ பழைய நூல்களும் நாகசுர இசையும் போதும். ஐவர்க்கு ஐந்து விருப்பம்!

முன்னாளில் இவ்வேற்றுமைகள் ஒன்றோடொன்று மோதுதல் தவிர்க்க இயலாததாய் இருந்தது. அனைத்திந்திய வானொலியின் நிலையம் 1938-ஆம் ஆண்டில் சென்னையிலும், 1939-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலும் தொடங்கப்பெற்றது. அதன்பின் நெடுங்காலம், வசதியுள்ள வீட்டிலும் வானொலிப் பெட்டி ஒன்றே இருந்தது. பாட்டனார் செய்தி கேட்க விரும்புவார். பேரன் திரைப்பாடல் கேட்க விரும்புவான். இருவரும் காத்திருக்கக் கற்றனர். காத்திருந்தபோது மற்றவர் விரும்பியதும் செவியில் வீழ்ந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்தது. வீட்டிற்கு வரும் இதழ் ஒன்று. படிக்க விழைவோரோ பலர். ஆதலின் ஒருவர் உரக்கப் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட வீடுகள் பலவாம். 1975-ஆம் ஆண்டில் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோதும், ஒரு பெட்டியின் முன் ஒரு தெருவே அமர்ந்தது. பொருட்குறைவு மக்களை அருகருகே அமர்த்தியது.

இந்நாளில் அந்நிலை மாறிவிட்டது. ஆளுக்கொரு கைப்பேசி உண்டு. அதில் அவரவர் விரும்பும் பாட்டும் காட்சியும் விரும்பிய நொடியில் தோன்றுகின்றன. அன்றியும், ஒருவர் எதனை விரும்பிக் கண்டாரோ அதனையொத்தவற்றையே அக்கருவி மேன்மேலும் அவர்முன் வைக்கின்றது. பூசல் இல்லை, காத்திருத்தல் இல்லை. ஒரே அறையில் ஐவர் அமர்ந்து ஐந்து உலகங்களில் உலவுதல் எளிதாயிற்று. இதனை உரிமை என்று சிலர் போற்றுவர். உரிமைதான், அதனை நான் மறுக்கவில்லை. ஒருவர் விருப்பத்திற்கு மற்றவர் அடங்கிக் கிடந்த பழைய வீடுகளில் பெரும்பாலும் அடங்கியவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், பிறர் விரும்புவதை அருகிருந்து அறியும் பயிற்சி அவ்வுரிமையோடு சேர்ந்து கழிந்துவிடுமாயின், அது பேரிழப்பே ஆகும்.

இவ்விழப்பை ஈடுசெய்ய எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் கைப்பேசிகள் அலமாரியில் இருக்கும். அந்த ஒரு மணி, முறைவைத்து ஒருவருக்கு உரியது. அவர் விரும்பியதை ஏனையோரும் செய்தல் வேண்டும். ஐந்து வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவர் முறையும் வரும்.

அன்னையார் முறை வந்தபோது, தரையில் கரித்துண்டால் கட்டம் வரைந்து, ஆடுபுலி ஆட்டம் ஆட அழைத்தார். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்துமூன்று சந்திப்புகள், ஆட்டம் அவ்வளவே. சதுரங்கத்தில் தேர்ந்த என் மகன் நகைத்துக்கொண்டே புலிகளை எடுத்துக்கொண்டான். சிறிது பொழுதில் அவன் புலிகள் மூன்றும் அசைய வழியின்றி அடைபட்டன. “பாட்டி, இன்னொரு முறை!” என்றான். வலியது சிலவும் மெலியது பலவும் எதிர்நிற்கும் அவ்வாட்டம், சமவலியுடைய இரு படைகள் மோதும் சதுரங்கத்தினின்றும் வேறானது என்பதை அன்று அவன் கண்டுகொண்டான். பாட்டியின் அறிவையும் கண்டுகொண்டான். அவன் அடைந்த இலாபங்களுள் பெரியது பின்னதே என்பேன்.

பெற்றோர் தம் சுவையை மக்கட்கு அளித்தல் நன்று. ஆனால் அளிக்கும் முறை ஒன்று உண்டு. கசப்பைக் குழந்தைகள் எளிதில் ஏற்பதில்லை. புதிய உணவொன்றைப் பலமுறை சிறிது சிறிதாகச் சுவைத்த பின்னரே அவர்கள் அதனை விரும்பத் தொடங்குவர் என்பது உணவு நூலார் கண்ட உண்மை. வாயில் திணித்தால் வெறுப்பே வளரும். பெரியோர் மகிழ்ந்து உண்பதைக் கண்டால் தாமே கைநீட்டுவர். உணவிற்கு உரிய இவ்விதி நூலுக்கும் இசைக்கும் பொருந்தும். விசுவநாதன் ஆனந்து தம் ஆறாம் வயதில் சதுரங்கம் கற்றது தம் அன்னையாரிடமே. அவர் 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்டு மாசுட்டராகத் திகழ்ந்தார். அன்னையொருவர் தாம் விரும்பியதை மகனோடு அமர்ந்து ஆடியமையே அப்பெருமைக்கு முதற்படி.

அளிப்பது போலவே விடுவதும் பெற்றோர் கடமையாகும். உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மைந்தர் உள்ளமோ தமிழில் தோய்ந்தது. அத்தந்தையார் செல்வர் அல்லர். எனினும் தமிழ் கற்பிப்பாரை நாடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். முடிவில், 1871-ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்ப்பித்தார். அம்மகனே பின்னாளில் சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றித் தந்தார். ஏட்டில் மங்கிக் கிடந்த இலக்கியங்கள் ஒளிபெற்றமைக்கு, மகன் விருப்பத்தைத் தன் விருப்பத்தினும் மேலாக மதித்த ஒரு தந்தையும் காரணர் அல்லரோ?

இதனை நான் இங்கு எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கின்றாள். விலங்கியல் கற்று, பறவைகளை ஆராயவேண்டும் என்பது அவள் வேட்கை. உற்றார் பலர், “பொறியியல் படிக்கட்டும், பறவையைப் பார்த்தால் வயிறு நிறையுமா?” என வினவுகின்றனர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ளுதல் தகாது. வறுமையை அறிந்தவர்கள் சொல்லும் சொல் அது. ஊதியம் உறுதியாக வரும் தொழிலுக்கு அவர்கள் தரும் மதிப்பு அன்பிலிருந்தே பிறக்கின்றது.

ஆயினும், விருப்பத்தை அளந்தறிய ஓர் அளவுகோல் உண்டு. அஃது உழைப்பு. நாளொரு மேனியாய் மாறுவது ஆசை. துன்பம் வந்தபோதும் நிலைப்பது விருப்பம். ஒரு கார்த்திகைத் திங்களில், தன் முறை வந்தபோது, அவள் எங்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றாள். ஏரியின் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செறிந்திருந்தன. எமக்கெல்லாம் அவை வெண்புள்ளிகளாகவே தோன்றின. அவளோ ஒவ்வொன்றின் அலகையும் நடையையும் காட்டி விளக்கினாள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து, அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்துவருவதையும், 1858-ஆம் ஆண்டிலேயே அக்காவலுக்கு மாவட்ட ஆட்சியர் ஆணை கிடைத்ததையும், 2022-ஆம் ஆண்டில் அவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றதையும் கூறினாள். நான்கு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் அவள் எழுதிவரும் குறிப்பேடுகள் மூன்று நிறைந்துள்ளன. எவரும் அவளை ஏவவில்லை. எவரும் பரிசு தரவில்லை. இதனை ஆசை என ஒதுக்குவது எங்ஙனம்? அவள் விலங்கியலே பயிலட்டும் என இசைந்துவிட்டேன். ஊதியம் சிறிதாகலாம், வேலை தாமதமாகலாம். அவ்விரண்டையும் அவளிடம் மறையாது கூறினேன். தெரிந்து ஏற்கும் இடரைத் தாங்கும் வலிமை மனத்திற்கு உண்டு.

மாணவர்களே! பெற்றோர் உங்கள் விருப்பத்தை மதிக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றீர்கள், அது முறையே. அவர்களுடைய விருப்பம் யாது என நீங்கள் என்றேனும் வினவியதுண்டா? உங்கள் அன்னை எந்தப் பாடலை விரும்புவார்? இளமையில் எதனைக் கற்க விழைந்தார்? கற்க இயலாது நின்றது ஏன்? அடுக்களையில் அனைவர் சுவைக்கும் சமைப்பவர், தமக்கென விரும்பி உண்பது எது? இவ்வினாக்களுக்கு விடை அறியாத பிள்ளைகள் பலர். ஒரு மாலைப் பொழுதில் அருகமர்ந்து கேளுங்கள். அவர்கள் விரும்பியதை அவர்களோடு ஒருமுறை செய்து பாருங்கள்.

என் மனைவியின் கோலத்தில் இப்போது நாரைகள் இடம்பெறுகின்றன. என் மகள் புள்ளிகளை எண்ணிக் கோலமிடக் கற்றுவிட்டாள். இருவரும் தத்தம் சுவையைக் கைவிடவில்லை. ஒருவர் சுவையால் மற்றவர் சுவை வளர்ந்தது. இல்லம் தரும் கல்வி இதுவே. வீட்டில் இதனைக் கற்றவர், வேறு மொழியும் வேறு உணவும் வேறு வழிபாடும் உடைய அயலாரோடு நாட்டிலும் இணங்கி வாழ்வர்.