சுகாதாரப் படைக்குப் பயிற்சி வேண்டும்!

ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்ததும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு நெஞ்சு இறுகுகிறது; மூச்சு முட்டுகிறது. "பீடியை விடு" என்று புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால், பஞ்சுத் தூசியால் வரும் 'பிஸினோஸிஸ்' நோயின் ஆரம்ப அடையாளமே இதுதான்! தொழிற்சாலைச் சட்டமே இதைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தில் ஏறியது தொழிலாளியின் காதுக்கு எட்டியதா?

எட்டச் செய்ய ஊழியர்கள் வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

1978-ல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக சர்க்கார்கள், "2000-க்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம்" என்று வாக்களித்தன. 2000-ம் வந்தது, வாக்குறுதி காற்றில் போயிற்று. அந்த டிசம்பரில் வங்கதேசத்தின் சவாரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி மக்கள் ஆரோக்கிய சாசனம் வெளியிட்டார்கள். மக்கள் ஆரோக்கிய இயக்கம் பிறந்தது. சாசனத்தைப் பல மொழிகளில் இணையதளத்தில் வைத்திருக்கிறது அந்த இயக்கம். 2005 முதல் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடத்தி வருகிறது. ஒரு நாட்டு ஊழியரின் அனுபவம் மறுநாட்டு ஊழியருக்குப் பாடமாகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் இணையதளம் மட்டும் போதுமா? போதாது. காசர்கோட்டைப் பாருங்கள். சர்க்கார் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் விஷத்தைத் தெளித்தார்கள். கிராம மக்கள் தங்கள் குழந்தைகளுக்கு வந்த கேட்டை ஊர் ஊராகச் சொன்னார்கள்; போராடினார்கள். 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்த விஷத்தை உலகெங்கும் ஒழிக்க முடிவு செய்தன. மே 13-ல், ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. கிராமத்தின் சாட்சியமும் உலகத்தின் அறிவும் கைகோத்தன, வெற்றி கிடைத்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று ஊமையாகிவிடும்.

பொழுது சாயும்வரை நாற்று நடும் பெண் ஆங்கிலப் பாடத்தை எப்போது படிப்பாள்? ஆகவே நாம் சொல்கிறோம்: ஒவ்வொரு கிளைச் சங்கமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அவர்கள் பாடங்களைத் தமிழில் ஆக்கி, வார விடுமுறையில் உரக்கப் படித்துக் காட்டட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, மில்லில் தூசி உறிஞ்சும் யந்திரம் ஓடுகிறதா, மருந்தடிக்கும் கூலியாளுக்குக் கையுறை கொடுத்தார்களா என்று நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். அந்தக் கணக்கு தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் போகட்டும். பதில் கிளைக்குத் திரும்பி வரட்டும். பதில் வராவிட்டால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்போம்!

கைபேசி ஒரு கருவி; அரிவாளைப் போல. அதைப் பிடிக்கும் கை சங்கத்தின் கையாக இருக்க வேண்டும். ஆரோக்கியம் தர்மப் பிச்சையல்ல, உழைப்பவரின் உரிமை.

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்திலேயே அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்!