பெட்ரோல் மூடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாசாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, பெட்ரோல் வாடை வருது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டேன். பக்கத்திலிருந்த என் அப்பா வாயே திறக்கவில்லை. காடியில் சின்னச் சத்தம் கேட்டாலும் முதலில் காரணம் சொல்கிறவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து பெட்ரோல் ஊற்றும் இடத்தைத் திறந்து பார்த்தேன். மூடி இல்லை. பழைய துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்த வாயில் திணித்திருந்தது.

காடி அப்பாவின் பழைய சாகா. "எத்தனை நாளாப்பா?" என்றேன். "ரெண்டு வாரம் இருக்கும்" என்றார். போன வருடமும் மூடியைக் காடியின் கூரை மேல் வைத்துவிட்டுக் கிளம்பி, திரும்பப் போய் எடுத்து வந்தார். "வயசாயிடுச்சு, இனிமே காடி ஓட்டாதீங்க" என்று அன்று நான் கத்தியிருந்தேன். இந்த முறை ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் துணி விஷயத்தை விட முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தங்கும். எங்கள் வீட்டுப் போர்ச்சில்தான் காடி நிற்கிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா சாம்பிராணித் தட்டோடு வாசல் வரை வருவதும் அந்தக் காடியை ஒட்டித்தான். இரண்டு வெள்ளிக்கிழமைகள் கடந்து போயிருந்தன. நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது. துணியோ பெட்ரோலை உறிஞ்சி ஊறிக்கொண்டே இருந்தது. ஜொகூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தண்ணீர் இறங்கினால் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். காடி நடுரோட்டில் இருமி நிற்க வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை அப்பாவையும் அழைத்துக்கொண்டு அவர் வழக்கமாகப் போகும் எண்ணெய் நிலையத்துக்கு, என் காடியில் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சிரித்தபடி கீழே குனிந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு மூடிகள். "எல்லாம் மறந்துட்டுப் போனதுதான், பாக்சிக்" என்றாள் மலாயில். இளவட்டங்கள்தான் அதிகமாம், கையில் போனை வைத்துக்கொண்டு ஊற்றுகிறார்களாம். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டிக்குள் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

யோசித்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95-ஐ 1.99 வெள்ளிக்கு வாங்க மைகார்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. கார்டை எடு, காசைக் கொடு, பம்ப் எண்ணை நினைவில் வை. அதற்குள் மூடியை எங்கே வைத்தோம் என்பது போய்விடுகிறது.

அப்பாவின் மூடி அந்தப் பெட்டியில் இல்லை. ஒன்றிரண்டு பொருந்தும் போலிருந்தன. "இதுல ஒண்ண எடுத்துக்கலாமே" என்றார். வேண்டாம் என்றேன். மரை ஏறுவதாலேயே மூடி சரியாகிவிடாது. உள்ளே உள்ள ரப்பர் வளையம் வாயோடு ஒட்டி உட்கார வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகாதபடி காற்று புகவும் வழி வேண்டும். பல மூடிகளில் அதற்கென்றே சின்ன வால்வு இருக்கிறது. சில புதிய காடிகளில் மூடி சரியாக இறுகாவிட்டால் 'செக் எஞ்சின்' விளக்கே எரியும். பட்டறைக்குக் காசு கொடுக்கும் முன் மூடியைப் பார்த்துவிடுவது நல்லது.

உதிரிபாகக் கடைக்குக் காடியின் மாடல், வருடம், சேசிஸ் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போனோம். கயிறு வைத்த மூடிதான் வேண்டும் என்று அப்பாவே கேட்டு வாங்கினார்.

மாட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காடியை வெளியே வெயில் படாத இடத்தில் நிறுத்தினோம். வாயின் விளிம்பில் படிந்திருந்த மண்ணை, உள்ளே விழாதபடி வெளிப்பக்கமாகத் துடைத்தேன். கயிற்றின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் குமிழைச் சின்னக் கதவில் இருக்கும் துளையில் வைத்து விரலால் அழுத்தினால் 'டப்' என்று உட்கார்ந்துகொள்கிறது. மூடியை நேராக வைத்துத் திருப்ப வேண்டும்; கோணலாக ஏறினால் மரை போய்விடும். 'டக்' சத்தம் கேட்கும் வரை திருப்பினால் போதும். அதை அப்பாதான் செய்தார். மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டி, "கேட்டுச்சா?" என்றார். கேட்டது.

அன்று மாலையே கோயிலுக்குப் போக அவர் சாவியை எடுத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. துணியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எரிக்கக் கூடாது, குப்பைத் தொட்டியில் அப்படியே போடவும் கூடாது. அடுப்புக்கு எட்டாத தூரத்தில், பின்பக்க வேலியில் நாலு நாள் காயப் போட்டேன். வாடை போகவே இல்லை.