அறிவிப்பு போட அட்மின் ஆக வேண்டுமா?

நீலகிரியில், குந்தா மலைகளின் சரிவில், தேயிலைத் தோட்டங்களுக்கும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களுக்கும் நடுவே இருக்கிற பேரூராட்சி பிக்கட்டி. இங்கே ஒரு குடும்பம் தினசரி தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. ஆனால் தெரியாமல் போனால் நஷ்டம் பெரிது. எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் வரும், மஞ்சூர் போகிற வழியில் எங்கே மண் சரிந்திருக்கிறது, பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் இந்த மாதம் அறிவித்த சராசரி விலை என்ன. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற ஒரு வரிச் செய்தி உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது. இந்தச் செய்திகளை முதலில் அறிகிறவர் குழாய் திறந்துவிடும் ஊழியர், வரி வசூலிக்கப் போகிறவர், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போட்டு எழுதுகிற எழுத்தர். இவர்களுக்குக் கணினித் தொழில்நுட்பம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அறிந்தவரே அலுவலக வெப்சைட்டில் எழுதி வெளியிட வேண்டும், அதற்காக வெப்சைட் முழுவதையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பதுதான் என் வாதம்.

சிறிய அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒன்று, வெப்சைட்டைச் செய்து கொடுத்த கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். தண்ணீர் நிறுத்த அறிவிப்பு ஏறுவதற்குள் தண்ணீரே வந்துவிடும். இல்லையென்றால், அட்மின் பாஸ்வேர்டு ஒன்றே ஒன்று இருக்கும். அதை நாலு பேர் வைத்திருப்பார்கள், மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியும் இருக்கும். முதல் வழியில் எழுதத் தெரிந்தவர் வாய் அடைபடுகிறது. இரண்டாவது வழியில், ஒரு வரி எழுத வந்தவருக்கு வெப்சைட்டையே அழிக்கிற அதிகாரம் கிடைத்துவிடுகிறது, தவறு நடந்தால் யார் செய்தார் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

ஆச்சரியம் என்னவென்றால் இதற்கான தீர்வு புதியதல்ல. ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்ற விதியை சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் 1975-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். உலகில் மிக அதிக வெப்சைட்டுகள் ஓடுகிற வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள், 2005 கடைசியில் வந்த 2.0 பதிப்பிலேயே பயனாளர்களை ஐந்து நிலையாகப் பிரித்துவிட்டது. அதில் ‘ஆத்தர்’ என்ற நிலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் தன் பதிவை எழுதலாம், படம் ஏற்றலாம், தானே வெளியிடலாம், பிறகு திருத்தலாம், நீக்கலாம். அடுத்தவர் பதிவைத் தொட முடியாது. முகவரி, கட்டண விவரம் போன்ற நிலையான பக்கங்களையும் தொட முடியாது. புது மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. பதிவுக்குள் அபாயமான நிரல் வரி எதையாவது தெரியாமல் ஒட்டிவிட்டாலும் மென்பொருளே அதை வடிகட்டிவிடும். இதற்கு ஒரு படி கீழே ‘கான்ட்ரிபியூட்டர்’ இருக்கிறது. பயந்த நிர்வாகிகள் அதைத்தான் கொடுப்பார்கள். அந்த நிலையில் எழுதலாம், வெளியிட முடியாது. ஒரு புகைப்படம்கூட ஏற்ற முடியாது. மேலே உள்ளவர் வெளியிட்டபின் தன் எழுத்துப் பிழையைத் தானே திருத்தவும் முடியாது. மண்சரிவைப் படம் எடுத்தவரிடம் படம் ஏற்றும் உரிமை இல்லையென்றால் அந்த ஏற்பாட்டால் யாருக்கு என்ன லாபம்? பாதுகாப்பு என்ற பெயரில் கான்ட்ரிபியூட்டரோடு நிறுத்திக்கொள்வது தவறு. பயிற்சி காலத்துக்கு அது சரி, அதற்குமேல் ஆத்தர்தான்.

அரசு விதிகள் இதற்குத் தடை என்பார்கள். அரசு வெப்சைட்டுகளுக்கு தேசியத் தகவலியல் மையம் 2009-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், உள்ளடக்கத்தை யார் தருவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது என்று எழுதி வைக்கச் சொல்கின்றன. அது நியாயமான கோரிக்கை. டெண்டருக்கும் வரி உயர்வுக்கும் செயல் அலுவலர் ஒப்புதல் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக் காலை ஒரு பகுதிக்குத் தண்ணீர் வராது என்பதற்கும் அதே மூன்று படி எதற்கு? எந்த வகை அறிவிப்புக்கு எத்தனை படி என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் விதியும் நிற்கும், செய்தியும் நேரத்துக்குப் போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலைத் தொடர்ந்து வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. தாமதமும் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானதுதான்.

தப்பான தகவல் போய்விட்டால்? இதுதான் கனமான ஆட்சேபம். போகும், சில சமயம். முன்கூட்டியே தணிக்கை செய்வது ஒன்றே வழி என்று நினைப்பதோடுதான் நான் உடன்படவில்லை. நீலகிரியிலேயே பதில் இருக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் பவுண்டேஷன் நடத்துகிற சமுதாய வானொலியில் மலைவாழ் மக்கள் தங்கள் மொழிகளிலேயே பேசுகிறார்கள். சமுதாய வானொலிக்கான மத்திய அரசின் கொள்கை, நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேச விடு, பதிவை வைத்திரு, தவறு வந்தால் கேள். உரிமம் நிறுவனத்திடம், குரல் ஊர்க்காரரிடம். தமிழ் விக்கிப்பீடியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2003-ல் தொடங்கிய அதில் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நீக்கவும் பூட்டவும் மட்டுமே நிர்வாகிகள். ஒவ்வொரு திருத்தமும் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்றில் நிற்பதால் கெட்டதை ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறது. அப்படித்தான் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. பேரூராட்சி அறிவிப்புக்கு அவ்வளவு திறந்த கதவு தேவையில்லை. ஆளுக்கொரு கணக்கும், மாற்றங்களின் பதிவும் போதும்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். வேகத்தில் அதை யாரும் ஜெயிக்க முடியாது, நான் மறுக்கவில்லை. ஆனால் குரூப்பில் இல்லாதவர் ஊரிலேயே இல்லாதவர் மாதிரிதான். மூன்று மாதத்துக்கு முந்தைய இலை விலையை அதில் எளிதில் தேடி எடுக்க முடியாது. பல முறை பகிரப்பட்ட செய்தி முதலில் யாரிடமிருந்து வந்தது என்று காட்டவும் முடியாது. வெப்சைட்டில் ஊழியர் பெயரில் வந்த அறிவிப்பின் இணைப்பைக் குரூப்பில் போட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

இனி நடைமுறை. ஊழியர் மாற்றலாகிப் போகும்போது பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனால் அது பொதுவான அட்மின் கணக்கில்தான் வருகிறது. தனிக் கணக்கு என்றால், பணியில் சேரும் நாளில் திறந்து, விடுவிக்கப்படும் நாளில் மூடிவிடலாம். அவர் எழுதிய பழைய அறிவிப்புகள் அப்படியே இருக்கும். அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவி, ரசீது புத்தகம், பதிவேடு என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் ‘வெப்சைட் கணக்கு மூடப்பட்டது’ என்று ஒரு வரி சேர்க்க அரசாணை எதுவும் தேவையில்லை. அட்மின் கணக்கு மட்டும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்: ஒருவர் செயல் அலுவலர், இன்னொருவர் தொழில்நுட்பம் பார்க்கிறவர். அவர்களும் தினசரி அறிவிப்பு எழுத அதைப் பயன்படுத்த வேண்டாம், எழுதுவதற்குத் தனியாக ஓர் ஆத்தர் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.