சீனியை விட்டால் மட்டும் போதுமா?

“தேநீரில் சீனியே சேர்ப்பதில்லை, ஆயினும் இரத்தத்தில் சீனி குறையவில்லையே!” என்னும் ஏக்கம் கண்டி நகரத்து இல்லங்களில் அடிக்கடி கேட்பதொன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் சலரோகம் உடையவர் எனக் காட்டிற்று. ஆதலின் இஃது எல்லாக் குடும்பத்தாரும் அறியவேண்டிய விடயமாகும்.

சீனியை ஒதுக்கியவர் தேநீரோடு கித்துள் கருப்பட்டியைக் கடிக்கிறார். சோற்றைக் குறைத்தவர் பாணை நிறைய உண்கிறார். கருப்பட்டியும் சீனியே. பாணிலுள்ள மாச்சத்தும் உடலிற் சீனியாகவே மாறும். குரக்கன் பிட்டும் அளவு மிஞ்சினால் அவ்வாறே. எதை உண்கிறோம் என்பதோடு, எவ்வளவு, எப்பொழுது என்பனவும் கவனிக்கத்தக்கன.

உணவுக்கு அப்பாலும் காரணங்கள் உள. நடக்கும்பொழுது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகின்றன. கண்டி வாவியைச் சுற்றி நாள்தோறும் நடப்போர் பெறும் நன்மை இதுவே. காய்ச்சலும் மனக்கவலையுமோ சில சுரப்புகளைப் பெருக்கி, ஈரலிலிருந்து சீனியை வெளிப்படுத்துகின்றன. ஆகவேதான் நோயுற்ற நாளில் உணவு குறைந்தும் சீனி ஏறுவதுண்டு. “உண்ணவில்லையே” என்று தாமாகவே இன்சுலினை நிறுத்துதல் ஆபத்தாகும்.

விரத நாளிலோ இதற்கு மாறான ஆபத்து உண்டு. கந்தசஷ்டியில் உபவாசமிருந்துகொண்டே, வழக்கமான இன்சுலினையோ சீனியைக் குறைக்கும் சில குளிசைகளையோ எடுத்தால், சீனி மிகத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாது, விரைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. உயிர் காக்க விரதத்தை முறித்தல் பாவமன்று. நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் வேளையையும் அறிந்துகொள்ளுதல் அதனினும் நன்று.

இன்னுமொன்று. கிளினிக் நாளுக்கு முன் மூன்று நாள் மட்டும் பத்தியம் காப்போர் பலர். காலையில் வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தம் அந்நேரத்து நிலையையே சொல்லும். எச்பிஏ1சி என்னும் பரிசோதனையோ கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடும். பலருக்கு அது 7 சதவீதத்திற்குக் குறைவாயிருத்தல் நலம். முதியோருக்கு வைத்தியர் சற்றுத் தளர்த்துவதும் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் படிக்கும் மாணவனின் தேர்ச்சி எத்தகையதோ, மூன்று நாட் பத்தியத்தின் பயனும் அத்தகையதே. உணவும் நடையும் மருந்தும் உறக்கமும் நாள்தோறும் ஒழுங்காக அமையுமாயின், சலரோகத்தை அடக்கி நெடுநாள் நலமுடன் வாழலாம்.