விளங்காத பத்திரத்தில் கையொப்பம் வேண்டாம்!

அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியம் கிடைக்கும் நாடு நம்முடையது. ஆயினும், 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாடு மக்களுக்கு ஒன்றை உணர்த்திற்று: தனியார் வைத்தியசாலையை நாட நேர்ந்தால், தாலிக்கொடியும் காணியுறுதியும் அடகுக்குப் போகும். எனவேதான் பலர் சுகாதாரக் காப்புறுதியைத் தேடுகின்றனர். நாம் காப்புறுதிக்கு எதிரிகள் அல்லர். விளங்காமல் வாங்கும் காப்புறுதியையே எதிர்க்கின்றோம்.

காப்புறுதி என்ற ஒரே பெயரில் இருவேறு பண்டங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, வைத்தியசாலைச் செலவை ஓர் எல்லைவரை ஈடுசெய்வது. மற்றையது, ஆயுட்காப்புறுதியோடு இணைந்து, படுக்கையில் கிடக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. சத்திரசிகிச்சைக்கு 3 இலட்சம் ரூபா செலவாகி, நாளுக்கு 3,000 வீதம் ஐந்து நாட்களுக்குக் கிடைப்பது 15,000 ரூபாவே எனின், மிகுதியை யார் கொடுப்பது?

ஆகவே முகவரிடம் கேளுங்கள்: எந்நோய்களுக்குப் பணம் இல்லை? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? அறை வாடகைக்கும் சத்திரசிகிச்சைக்கும் தனித்தனி எல்லை உண்டா? வெளிநோயாளர் செலவு சேருமா? முன்னரே உள்ள நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ படிவத்தில் மறைத்தல் ஆகாது. “எழுதத் தேவையில்லை” என்று முகவர் சொன்னாலும், கையொப்பம் உங்களுடையது. பின்னர் இழப்பீடு மறுக்கப்படின் நட்டமும் உங்களுடையதே.

கமக்காரருக்கு ஒரு சொல். மாதந்தோறும் வருமானமில்லாதவர் மாதத் தவணைக்கு உடன்பட்டால், இடையில் தவணை தவறிக் காப்பும் அற்றுப்போகக் கூடும். காலபோக அறுவடைப் பணம் கைக்கு வரும் வேளையில் ஆண்டுத் தவணையாகச் செலுத்த இயலுமா என விசாரிப்பது நன்று. அரசாங்க உத்தியோகத்தரோ, தமக்குரிய ‘அக்ரஹார’ காப்புறுதி என்ன தருகின்றது என்று அறிந்த பின்னரே வேறொன்றை வாங்குதல் வேண்டும்.

இழப்பீடு அநியாயமாக மறுக்கப்பட்டால் வாளாவிருத்தல் தகாது. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கே நீதி கிடையாவிடின், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவை நாடலாம்.

படிவத்தையும் பத்திரத்தையும் தமிழிலே தாருங்கள் என்று கேட்பது பிச்சையன்று. பணம் கொடுப்பவனின் உரிமை. கற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆசிரியரும் சட்டத்தரணியும் எழுதுவினைஞரும் தத்தம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதம் ஒருநாள் அமர்ந்து, அயலவரின் பத்திரங்களை வாசித்து விளக்கட்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; மனம் ஒன்றே வேண்டும்.